தோல் காகிதமாகும் வரை

பெரியவளின் கட்டிலருகே வைத்த தண்ணீர் டம்ளர், காலையில் பார்த்தால் வைத்தது வைத்தபடி நிறைந்திருந்தது.

இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். குடித்தால் குடித்தாள், குடிக்காவிட்டால் போகிறது. ஒரு டம்ளர் தண்ணீருக்கா பஞ்சாயத்து? ஆனால் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எந்த வண்டி வருகிறது, எது தாமதம், எது எந்த நடைமேடைக்கு மாறியது என்று நாள் முழுக்க மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிற பெண்ணுக்குத் தொண்டைதான் சொத்து. தூக்கக் கலக்கத்தில்கூட எழுந்து குடிப்பாள். விடியும்போது டம்ளர் கவிழ்ந்திருக்கும், அதன் அடியில் ஈர வளையம் இருக்கும், அதைத் துடைக்காமல் போனதற்குச் சின்னவள் முணுமுணுப்பாள். வருஷக்கணக்காக நடக்கிற கூத்து இது. கொஞ்ச நாளாகவே வளையம் இல்லை என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. தண்ணீர் மேல் மெல்லிய தூசி படிந்திருந்தது; சின்னவள் விரலால் தொட்டதும் பால் ஏடு மாதிரி ஒதுங்கியது. ஒரே ராத்திரியில் படிகிற தூசி இல்லை அது.

"அக்கா, நீ தண்ணி குடிக்கலையா?"

பெரியவள் கண்ணாடி முன்னால் நின்று கையில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். "குடிச்சேனே."

"டம்ளர் நிறைய இருக்கே."

"நீயே வந்து திரும்ப ஊத்தி வச்சிருப்ப. உனக்குத்தான் மறதி."

மறதியாம்! ஊர்ப்பட்டவர்களின் இடுப்பளவை மனப்பாடமாக வைத்திருக்கிற தையல்காரிக்கு மறதியாம். அக்கா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளில்லை. பொய் சொன்னால் காது சிவந்துவிடும்; அக்கா தங்கை இருவருக்குமே அந்தக் கோளாறு உண்டு. சின்னவள் அக்காவின் காதைப் பார்த்தாள். சிவக்கவில்லை. சிவக்க அதில் ரத்தமே இல்லாத மாதிரி வெளிறி, விளிம்பில் லேசாகச் சுருங்கியிருந்தது.

மருந்துக்கடைக்கு மேலே, மாடியில், இவர்கள் இருவர் மட்டும் இருக்கிற வீடு. கல்யாணம் இருவருக்கும் தட்டிக்கொண்டே போய், கடைசியில் அதைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோய், ஒருத்திக்கு ஒருத்தி துணை என்றாகிவிட்டது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. முன்னறையில் சின்னவளின் தையல் மெஷின். பக்கத்தில் உயரம் குறைக்க வேண்டிய பேன்ட்டுகள், ஜிப் போன கோட்டுகள், துணி வெட்ட அளவு வரைகிற மெல்லிய தாள் சுருள். அதே அறையில் வெயில் விழுகிற ஜன்னல் முழுக்க அக்காவுடையது. அங்கேதான் அவளுடைய கல் செடிகள் இருந்தன.

ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடியில், மழை எப்போதாவது எட்டிப்பார்க்கிற கூழாங்கல் வெளியில் வளர்கிற செடி. லித்தாப்ஸ் என்று பெயர். தண்டு கிடையாது, கிளை கிடையாது. தடித்த இரண்டு இலைகள் ஒட்டிப் பிறந்து, நடுவில் ஒரு பிளவு. பார்த்தால் சட்டியில் யாரோ கூழாங்கல்லைப் பதித்த மாதிரிதான் இருக்கும். ஆடு மாடு தின்னாமலிருக்கக் கல் வேஷம் போடுகிறது என்பாள் பெரியவள். பொடிக்கல்லும் பருமணலும் கலந்து சட்டி நிரப்புவாள், மண் பேருக்குத்தான். தூசியை முகப் பவுடர் பிரஷ்ஷால் தட்டிவிடுவாள். ஊசி கழற்றிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, செடிமேல் படாமல் ஓரத்தில் விடுவாள். "உசிருள்ள கல்லுக்கு இவ்ளோ உபசாரம், உசிருள்ள தங்கச்சிக்கு ஒரு வாய் காபி போட்டுத் தர ஆளில்ல" என்று சின்னவள் கேலி பண்ணுவாள். அக்கா சிரித்துக்கொண்டே காபி போடுவாள்.

இந்த முறை பூத்து முடிந்ததிலிருந்து அவள் சிரிஞ்சைத் தொடவேயில்லை. செடிகள் வரிவரியாகச் சுருங்கின. சின்னவளுக்கு மெஷினிலிருந்து தலை நிமிரும்போதெல்லாம் அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"அக்கா, எல்லாம் வதங்குதே."

"வதங்கணும். தோல் மாத்துது. உள்ள புது ஜோடி வந்துட்டிருக்கு. அது குடிக்குது."

"நீதான் தண்ணியே விடலையே, எதைக் குடிக்குது?"

"வெளிய இருக்கிறதைத்தான்."

அக்கா விரல் படாமல் சுட்டிக் காட்டினாள். பழைய பிளவு விரிந்திருந்தது. உள்ளே, அதற்குக் குறுக்காக, பளபளவென்று இன்னொரு பிளவு. புதியது எப்போதும் பழையதற்குக் குறுக்காகத்தான் உட்காருமாம். பழையது தன் ஈரத்தையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டு, வெறும் காகிதத் தோலாகி ஒட்டிக்கொண்டிருக்குமாம்.

"ஒரு சொட்டு விட்டா என்னவாம்?"

"விட்டா பழசு சாகாது, புதுசும் நிக்காது. ரெண்டும் ஒரே தோலுக்குள்ள கிடந்து நெரியும்." பெரியவள் திரும்பி அவளைப் பார்த்தாள். செடியைப் பற்றிப் பேசுகிறவள் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. "தோல் காகிதமாகுற வரைக்கும் ஒரு சொட்டு கூடாது, சின்னி. பாவம் பார்க்கிறவங்க கையில கல் செடி தங்காது."

அதற்கப்புறம் சின்னவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்கத் தொடங்கினாள். காபிக் குவளை காலியாகத் திரும்பி வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் மூக்கை வைத்தால் காபி வாசனை. சூப் கிண்ணம் காலியானது. ஜன்னலுக்கு வெளியே சுவரில் ஒரு புதுக் கறை வழிந்திருந்தது. குளியலறையில் குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. அக்கா வெளியே வந்தபின் உள்ளே போய்த் துண்டைத் தொட்டால் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. அக்காவின் அறையில், வெயிலில் போட்டு மறந்த பழைய அட்டைப்பெட்டியின் வாசனை அடித்தது. அவள் புரண்டு படுக்கும்போது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சரசரப்பு வந்தது, மெல்லியதாக, மடித்து மடித்து விரிக்கிற மாதிரி, தையல்காரியின் காதுக்கு நன்றாகப் பழகிய சத்தம்: அளவுத்தாளின் சத்தம். சின்னவள் எழுந்துபோய்ப் பார்த்தாள். அவளுடைய தாள் சுருள் ரப்பர் பேண்டு போட்டபடி முன்னறையில் இருந்தது.

ஏதோ பெரிய வியாதியை மறைக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். இந்த உலகத்தில் அவளுக்கென்று இருப்பது இந்த ஒரே ஒருத்தி. இவளும் போய்விட்டால் யாரிடம் சண்டை போடுவது?

"டாக்டர்கிட்ட போலாம் வா."

"தொண்டை கட்டியிருக்கு, அவ்ளோதான். லீவு சொல்லிட்டேன். போதுமா?"

சொல்லிவிட்டு ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுச் செடிகளோடு செடியாக வெயிலில் உட்கார்ந்தாள். அதன் பிறகு தினமும் அங்கேதான்.

ஒரு நாள் நூல்கண்டு வாங்கிக்கொண்டு படியேறப் போன சின்னவளை மருந்துக்கடைக்காரர் நிறுத்தினார். "பெரியக்காவுக்கு உடம்பு பரவாயில்லையா?"

"தொண்டை கட்டியிருக்கு. வாயே திறக்க மாட்டேங்குறா."

"அப்படியா? இப்ப நீங்க கடைக்குப் போயிருந்தப்ப மேல நல்லாப் பேச்சுச் சத்தம் கேட்டுதே. யாரோ விருந்தாளின்னு நினைச்சேன்."

"யாரு பேசினது?"

"பெரியக்காதான். இன்னொருத்தரும்... அதுவும் பெரியக்கா குரல் மாதிரியேதான் இருந்துச்சு." அவருக்கே அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "ரேடியோவா இருக்கும்."

"ஆமா, ரேடியோவாத்தான் இருக்கும்" என்றாள் சின்னவள். அவர்கள் வீட்டில் ரேடியோ கிடையாது.

மேலே ஓடி அலமாரி, கட்டிலடி, குளியலறை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று ஒரு இடம் விடாமல் தேடினாள். யாரும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத் தானே திட்டிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் எங்கே இருண்டிருக்கிறது? பட்டப்பகல். அறை முழுக்க வெயில். அந்த வெயிலில் அக்கா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்; கன்னத்துத் தோல் மூக்கோரத்தில் சற்றே தூக்கிக்கொண்டிருந்தது, சரியாக ஒட்டாத உறை மாதிரி.

சின்னவளுக்கு ஒரு யோசனை வந்தது. கண் ஏமாறும், காது ஏமாறும். அளவெடுக்கிற டேப் ஏமாறாது.

"அக்கா, உன் யூனிஃபார்ம் கோட்டு தொளதொளன்னு ஆயிடுச்சு. பிடிச்சுத் தரேன். எழுந்திரு, அளவு எடுக்கணும்."

பெரியவள் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தாள். எழும்போது சரசரத்தாள். சின்னவள் டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் பிடித்தாள். அளவு இறங்கியிருந்தது. இளைத்த உடம்பு எத்தனையோ பார்த்திருக்கிறாள். அதில் விரலுக்கு எலும்பு தட்டுப்படும். இங்கே டேப்புக்கு அடியில் தலையணை உறை மாதிரித் தளர்ந்த ஒன்று இருந்தது. அதற்கும் உள்ளே, கொஞ்சம் இடைவெளி விட்டு, திண்ணென்று வேறொன்று.

"மூச்சை விடு அக்கா."

விட்டாள். டேப் தளர்ந்தது.

"அப்படியே பிடிச்சு நில்லு."

பெரியவள் மூச்சடக்கி நின்றாள். டேப் மெதுவாக இறுகியது. தளர்ந்தது. இறுகியது.

சின்னவள் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். அக்கா மூச்சு விடவில்லை.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு" என்றாள் சின்னவள். எந்த எண்ணையும் அவள் பார்க்கவில்லை.

டேப்பைச் சுருட்டும்போது அக்காவின் முழங்கை கண்ணில் பட்டது. அங்கே ஒரு தழும்பு இருந்திருக்க வேண்டும். சின்ன வயதில் தெருநாய் கடித்த தழும்பு, கருத்துத் தடித்து, பிறைபோல் வளைந்திருக்கும். அது மறைந்து ரொம்ப வருஷம் ஆகிறது. அக்காவின் இளமையில் ஒரு காய்ச்சல் வந்ததே, அதோடு. டைஃபாய்டு என்றாள் அம்மா. அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தாள் அக்கா. டாக்டர் சொன்னார் என்று சொல்லி அந்த அறைக்குள் தண்ணீர்ச் செம்பே போக விடவில்லை அம்மா. வாசலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள், ஆனால் விடவில்லை. எழுந்து வந்தபோது அக்கா மொழுமொழுவென்று இருந்தாள். தழும்பு இல்லை. நல்ல களிம்பு என்றார்கள். வந்த புதிதில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. காய்ச்சலின் வேலை என்றார்கள். அம்மா மட்டும் அதற்கப்புறம் சாகும்வரை அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "பெரியவளே" என்பாள். அவ்வளவுதான்.

சின்னவள் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கால் மிதியில் இருந்தது, மிதிக்கவில்லை. யார் இவள்? யாராக இருந்தால் என்ன? அம்மா போனபோது தன்னைக் கட்டிக்கொண்டு படுத்தவள் இவள். ராத்திரியெல்லாம் இருமினால் திட்டிக்கொண்டே நெஞ்சு தடவுகிறவள் இவள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தது இவள்தான். இவளைக் குடித்துவிட்டு இவள் முகத்தோடு எவளோ ஒருத்தி வந்து நிற்பாள், அவளிடம் உப்பு டப்பாவைக் காட்ட வேண்டும். மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

ஜன்னலோரம் செடிகள் சுருங்கிக் கிடந்தன. சின்னவள் சிரிஞ்சை எடுத்துத் தண்ணீர் நிரப்பினாள்.

"கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கும் படியளக்கிறவன் ஒருத்தன் இருக்கான்" என்று முணுமுணுத்துக்கொண்டே முன்சட்டியின் ஓரத்தில் விட்டாள். பொடிக்கல் உஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டது. பிறகு மீண்டும் நிரப்பிக்கொண்டு, நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த அக்காவின் உதட்டோரத்தில் வைத்து மெல்ல அழுத்தினாள். உதடு அசையவில்லை. ஆனால் உள்ளே எங்கேயோ, தொண்டைக்கும் கீழே, மடக்கென்று ஒரு விழுங்கல்.

மறுநாளும் கொடுத்தாள். அதற்கு மறுநாள் அக்காவே தூக்கத்தில் வாயைத் திறந்தாள்.

பலன் கைமேல் தெரிந்தது. முன்சட்டிக் கல் செடி சுருக்கம் நீங்கிப் புசுபுசுவென்று ஆனது. அக்காவின் கன்னம் நிரம்பியது, தோல் ஒட்டியது, சரசரப்பு நின்றது. சின்னவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேன்ட்டுகளை ஒதுக்கிவிட்டு அக்காவின் கோட்டைச் சிறிதாக்காமல், தையலை மட்டும் பிரித்துப் பழைய அளவுக்கே மறுபடி தைத்தாள், கெட்டித் தையலாக. பிழைத்துவிட்டாள். அக்கா பிழைத்துவிட்டாள்.

ஒரு காலைப்பொழுதில் பெரியவள் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "சின்னி. எனக்குத் தண்ணி கொடுத்தியா?"

"இல்லையே."

சின்னவளின் காது சுட்டது. அக்கா அந்தக் காதைப் பார்த்தாள்.

"அடிப்பாவி. வலிக்காமப் போயிட்டிருந்தேன்டி. தூக்கம் வர்ற மாதிரி சுகமாப் போயிட்டிருந்தேன்."

"நான் போக விடமாட்டேன்."

"நான்தானே போறேன். வர்றவ உன்கூட இருப்பா."

"எனக்கு வர்றவ வேணாம்!" சின்னவள் கத்தினாள். "அவளுக்கு உப்பு எங்க இருக்குன்னு தெரியாது."

"வந்த புதுசுல எனக்கும்தான் தெரியல. நீதானே காட்டின." அக்கா அவள் கன்னத்தைத் தொட்டாள். கை சூடாக, கனமாக, அளவுக்கு மீறி நிரம்பியிருந்தது, விரல் மடங்கவில்லை. "இனிமே கொடுக்காதே. நான் கேட்டாலும் கொடுக்காதே. அம்மா மாதிரி இரு."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

சின்னவள் அம்மா மாதிரி இருக்கப் பார்த்தாள். மத்தியானம் வரைக்கும் முடிந்தது. அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்டாள்: "சின்னி, கொஞ்சம் தண்ணி." சின்னவள் மெஷினை ஓட்டினாள். தடதடவென்று ஓட்டினாள், தைக்க ஒன்றுமில்லாத வெறுந்துணியில் கோடு கோடாக ஓட்டினாள். நூல் தீர்ந்தது. மெஷினை நிறுத்தினாள்.

அப்போதுதான் ஜன்னலோரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஈரமான சின்னச் சத்தம், பழுத்த பழத்தை நகத்தால் கீறுகிற மாதிரி.

முன்சட்டிச் செடி பக்கவாட்டில் பிளந்திருந்தது. பழைய இலைகள் சாகவில்லை. உப்பிப் பச்சையாக இருந்தன. புதிய இலைகளும் நிற்கவில்லை; இடம் போதாமல், குறுக்காகத் திரும்பியபடி, பிளவு வழியாகப் பிதுங்கிக்கொண்டிருந்தன. இரண்டின் மேலும் நீர் கோத்திருந்தது. சின்னவளுக்கு அக்கா சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது.

"சின்னி, தண்ணி."

"சின்னி, தண்ணி."

ஒரே குரல். ஒன்று முன்னால், ஒன்று அரை நொடி பின்னால். ரயில் நிலையத்தில் முதல் நடைமேடை ஒலிபெருக்கி சொல்லி முடிப்பதற்குள் கடைசி நடைமேடை ஒலிபெருக்கி ஆரம்பிக்குமே, அப்படி.

அவள் டம்ளரை நிரப்பினாள். அக்காவின் டம்ளர். ஓடிய ஓட்டத்தில் பாதி சிந்தியது. தாழ் போட்டிருந்த கதவு, இப்போது தள்ளியதும் திறந்தது.

அறை முழுக்க வெயில். ஈரச் செடி வாசனை. பெரியவள் கட்டிலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள், யூனிஃபார்ம் கோட்டு போட்டுக்கொண்டு. கெட்டித் தையல் பிரியவில்லை. தையலுக்குப் பக்கத்தில் துணி கிழிந்திருந்தது. துணிக்கு உள்ளேயும் கிழிந்திருந்தது.

"அக்கா?"

திரும்பினாள்.

நெற்றி வகிட்டிலிருந்து தாடை வரைக்கும் பிளவு. ரத்தம் இல்லை. இரண்டு பக்கமும் அக்காவின் முகம், உப்பி, உயிரோடு, ஆளுக்கொரு பக்கமாய் ஒதுங்கிய கண்கள் அழுதுகொண்டிருந்தன. நடுவே, பிளவுக்குள், இன்னொரு முகம். அதுவும் அக்கா. இளம் அக்கா. சுருக்கமே இல்லை. குறுக்காகத் திரும்பி இருந்தது. ஒரு கண் மேலே. ஒரு கண் கீழே. அவற்றின் பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு வாய்.

அந்தக் கண்கள் சின்னவளைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தன.

"அதுக்குக் கொடுக்காதே, சின்னி. எனக்குக் கொடு."

"அதுக்குக் கொடுக்காதே, சின்னி. எனக்குக் கொடு."

எது முன்னால் சொன்னது, எது பின்னால் சொன்னது என்று தெரியவில்லை. சின்னவள் காதுகளைப் பார்த்தாள். நாலு காது. எதுவும் சிவக்கவில்லை.

கோட்டுக் கையிலிருந்து அக்காவின் கை நீண்டது. அதே கையிலிருந்து, மணிக்கட்டுத் தோலை விலக்கிக்கொண்டு, வழவழவென்று இன்னொரு கை நீண்டது. இரண்டும் ஒரே நேரத்தில் அவள் விரல்களைப் பிடித்தன. டம்ளர் சாய்ந்தது.

அரை டம்ளர் தண்ணீர். நெடுக்காக ஒரு வாயும் பிளந்துபோன ஒரு வாயும் திறந்தன.